கடிதம் கொடுக்கும் வரைதான் மரியாதை

வாசகர் கேள்வி – பதில்

எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத நாடாளுமன்றத் தேர்தல்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் இடம். ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் பதில் சொல்கிறார்.

கே.ஆர்., சென்னிமலை: 1989இல் 197 இடம் பிடித்த காங்கிரஸ் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. 143 இடம் பிடித்த ஜனதா தளம் ஆட்சி அமைத்தது. 2024இல் 240 இடம் பிடித்த பா.ஜ.க.வுக்கு ஆட்சி கிடைத்தது. பெரிய கட்சியைத்தான் முதலில் அழைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, இல்லையா அக்கா?

இல்லை. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 75ஆவது பிரிவு சொல்கிறது. யாரை முதலில் கூப்பிடுவது என்று ஒரு வரியும் கிடையாது. அதனால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வழியில் போனார்கள்.

1989இல் ஆர். வெங்கட்ராமன் பெரிய கட்சியைத்தான் முதலில் கேட்டார். ராஜீவ் காந்தி வேண்டாம் என்றார். அதன் பிறகே வி.பி. சிங். ஒரு பக்கம் 85 பேருடன் பா.ஜ.க., மறு பக்கம் இடதுசாரிகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத இருவரும் வெளியே நின்று அவரைத் தாங்கினார்கள். 1996இல் சங்கர் தயாள் சர்மாவும் அதே வழியில் 161 இடம் வைத்திருந்த வாஜ்பாயை அழைத்தார். மே 16 பதவியேற்பு, மே 28 ராஜினாமா. பதின்மூன்று நாள் தேடியும் கூட்டு சேர ஆள் கிடைக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் 1998இல் கே.ஆர். நாராயணன், ‘ஆதரவு இருக்கிறதென்றால் கடிதங்களைக் கொண்டுவாருங்கள்’ என்றார். என்னைக் கேட்டால் மூவரில் அவர் செய்ததே சரி. ஆளைப் பதவியில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு ஆதரவு தேடச் சொல்வது, குதிரை பிடிக்க நாமே லாயத்தைத் திறந்துவிடுவது மாதிரி.

2024இல் இந்தச் சிக்கல் எழவில்லை. 240 பெரும்பான்மை இல்லைதான். ஆனால் தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணிக்கு 293 இருந்தது. ஜூன் 4 முடிவு வந்தது, ஜூன் 9 பதவியேற்பு நடந்தது.

எஸ்.டி., பவானி: 272 என்ற எண்ணை ஏன் எல்லோரும் மந்திரம்போலச் சொல்கிறார்கள்?

543இல் பாதிக்கு மேல் முதல் முழு எண் அது. 1999 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் மாளிகை வாசலில் நின்று தங்களிடம் 272 பேர் இருப்பதாக சோனியா காந்தி சொன்னார். சமாஜ்வாதி கட்சித் தலைவர் முலாயம் சிங் யாதவ் கையை விரித்ததும் எண் கரைந்துவிட்டது. அன்று முதல் இந்த எண்ணை உச்சரிக்கும் தலைவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

கல்லூரி மாணவி, கொடுமுடி: கூட்டணிக் கட்சிகளுக்குள் சண்டை என்றால் புரிகிறது. ஒரே கட்சிக்குள்ளேயே பிரதமர் யார் என்று சண்டை வந்திருக்கிறதா?

வந்ததாவது! 1989 டிசம்பர் 1, நாடாளுமன்ற மைய மண்டபம். ஜனதா தளத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். வி.பி. சிங் எழுந்து தேவிலால் பெயரை முன்மொழிகிறார். சந்திரசேகர் வழிமொழிகிறார். தலைமை வகித்த மது தண்டவதே, தேவிலால் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அறிவிக்கிறார். வி.பி. சிங்கை எப்படியும் தடுத்துவிட வேண்டும் என்று இருந்த சந்திரசேகருக்கு அப்போது மனம் குளிர்ந்திருக்கும். உடனே தேவிலால் எழுகிறார். ஹரியானாவில் தன்னைப் பெரியப்பா என்று அழைப்பார்கள், இங்கேயும் பெரியப்பாவாகவே இருந்துவிடுகிறேன் என்று சொல்லி, மகுடத்தை வி.பி. சிங்குக்கே மாற்றிவிடுகிறார். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு. சந்திரசேகருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். தேவிலால் துணைப் பிரதமரானார்.

அந்தக் கோபம் ஓராண்டுகூட ஆறவில்லை. 1990 நவம்பர் 7 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வி.பி. சிங் தோற்றார். மூன்றாம் நாள் சந்திரசேகர் பிரதமர். கட்சியை உடைத்துக்கொண்டு அவரோடு வந்தவர்கள் அறுபது சொச்சம் பேர்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அந்த 1989 தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க.வுக்கு மக்களவையில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஜனதா தளத்தோடு தேசிய முன்னணிக் கூட்டணியில் இருந்ததால் மாநிலங்களவை உறுப்பினர் முரசொலி மாறன் மத்திய அமைச்சரானார். ஓட்டுக் கணக்கு வேறு, கூட்டணிக் கணக்கு வேறு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வி.என்., பள்ளிபாளையம்: 1998இல் போயஸ் தோட்டத்திலிருந்து வர வேண்டிய ஒரு கடிதத்துக்காக டெல்லியே காத்துக் கிடந்ததாக அப்பா சொல்வார். அந்தக் கதை என்ன? அதில் நம் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தார்களா?

நிறைய இருந்தார்கள். கோவையில் பிப்ரவரி 14 குண்டுவெடிப்பின் புகை அடங்காத நேரத்துத் தேர்தல் அது. தமிழ்நாட்டின் 39இல் 30 இடம் அ.தி.மு.க. அணிக்குப் போனது. அ.தி.மு.க.வுக்கு மட்டும் 18. கரூரில் மு. தம்பிதுரை, திருச்செங்கோட்டில் எடப்பாடி கே. பழனிசாமி, கோவையில் பா.ஜ.க.வின் சி.பி. ராதாகிருஷ்ணன், சேலத்தில் வாழப்பாடி ராமமூர்த்தி. கொங்கு மண்டலத்தைச் சுற்றி வந்தால் அந்த அணியின் முழு வரைபடமும் கிடைத்துவிடும்.

பா.ஜ.க.விடம் 182 இருந்தது. கூட்டிப் பார்த்தால் ஜெயலலிதா இல்லாமல் கரை சேர முடியாது. நாராயணன் கடிதம் கேட்டுவிட்டார். மற்றவர்களின் கடிதம் வந்தது, சென்னைக் கடிதம் மட்டும் வரவில்லை. நாள் கடந்தது, பா.ஜ.க. தலைவர்கள் தொலைபேசியும் கையுமாக இருந்தார்கள். கடைசியில் கடிதம் போனது. மார்ச் 19 அன்று வாஜ்பாய் பதவியேற்றார். தம்பிதுரை சட்ட அமைச்சர், வாழப்பாடி ராமமூர்த்தி பெட்ரோலிய அமைச்சர். திருச்சியில் வென்றிருந்தாலும் பூர்வீகம் திருச்செங்கோட்டுப் பக்கம் என்று நாம் உரிமை கொண்டாடும் ரங்கராஜன் குமாரமங்கலம் மின்துறை அமைச்சர்.

அதோடு கதை முடியவில்லை. அடுத்த பதின்மூன்று மாதமும் டெல்லித் தூதர்கள் சென்னைக்கு விமானம் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் ஒருமுறை, ஜஸ்வந்த் சிங் ஒருமுறை. மாநிலத்தில் இருந்த தி.மு.க. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்பது கோரிக்கை. பிறகு, நீக்கப்பட்ட கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. காவிரிக் கரையில் உட்கார்ந்து நாங்கள் பத்திரிகையைப் புரட்டுவோம். தண்ணீர் பற்றிய செய்தி உள்பக்கத்தில் இருக்கும், தளபதி பற்றிய செய்தி முதல் பக்கத்தில் இருக்கும்.

1999 ஏப்ரலில் ஆதரவு திரும்பப் பெறப்பட்டது. 17ஆம் தேதி வாக்கெடுப்பில் அரசுக்கு 269, எதிராக 270. ஒரே ஓட்டு. இதில் தமாஷ் என்னவென்றால், கலைக்கப்பட வேண்டும் என்று கோரப்பட்ட அதே தி.மு.க. அன்று வாஜ்பாய்க்கு ஆதரவாக வாக்களித்தது. அடுத்த தேர்தலில் அதே தி.மு.க. அவருடைய கூட்டணியில் நின்றது, அமைச்சரவையிலும் உட்கார்ந்தது. திருச்செங்கோட்டில் பழனிசாமி தோற்றார், ம.தி.மு.க.வின் மு. கண்ணப்பன் வென்று மத்திய இணை அமைச்சரானார். அ.தி.மு.க.வுக்குப் பத்து இடம் கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை.

கடிதம் கையில் இருக்கும்வரை நீங்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கொடுத்த பிறகு உங்களிடம் மிஞ்சுவது ‘திரும்பப் பெறுவேன்’ என்ற மிரட்டல் மட்டும். அதை ஒருமுறைதான் நிறைவேற்ற முடியும்; நிறைவேற்றிய மறுநாள் உங்களைத் தேடி யாரும் விமானம் ஏற மாட்டார்கள்.

மு.ப., காங்கேயம்: கொள்கை பேசி ஓட்டு வாங்கிவிட்டு, முடிவு வந்ததும் மாட்டுத் தரகர்களைப்போலப் பேரம் பேசுகிறார்களே, இது கேவலம் இல்லையா?

காங்கேயத்துக்காரரே மாட்டுத் தரகரைக் குறைத்துப் பேசலாமா? அவர் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வார், சரி. ஆனால் துண்டை எடுத்ததும் மாடும் பணமும் சந்தைக்கு நடுவில் கைமாறும். டெல்லியில் துண்டை எடுப்பதே இல்லை. என் சண்டை துண்டோடுதான், பேரத்தோடு இல்லை.

எனக்கும் ஒரு பேரம் நடந்திருக்கிறது. 1996 அக்டோபரில், புதிய ஊராட்சிச் சட்டத்தின்படி நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல். மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வந்ததால் எங்கள் வார்டில் நான் சுயேச்சையாக நின்று ஜெயித்தேன். ஒன்றியத் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு அணியும் சரிக்குச் சரி, நடுவில் நான்.

முதலில் வந்தவர் மாமா முறைக்காரர். தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் தட்டில். தட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதை நான் தொடவில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் மற்ற அணிக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். வாக்கெடுப்பு நாள்வரை குடும்பத்தோடு ஊட்டியில் தங்கலாம், அறை போட்டாகிவிட்டது என்றார்கள். என் மாமியார் உள்ளேயிருந்து, “ஊட்டிக்குப் போய்விட்டால் எருமையை யார் கறப்பது?” என்று கேட்டார். ஜீப்பில் வந்தவர்களிடம் அதற்குப் பதில் இல்லை.

நான் இரண்டு கேட்டேன். ஊருக்குள் இருக்கும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து காலனிக்குக் குழாய் போகவில்லை. காலனிக்கென்று ஒரு தொட்டியும் குழாயும் வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கு நடந்து போகும் பெண் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு பஸ் வேண்டும். இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், ஓட்டு உங்களுக்கு என்றேன். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “சொந்தக்காரனிடம் எழுதி வாங்குவதா அம்மணி?” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மஞ்சள் பையும் கூடவே போனது. ஜீப்காரர்கள் லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டாம் வருடம் தொட்டி வந்தது. பஸ் வரவில்லை. நான் கவுன்சிலராக இருந்த காலம் முழுவதும் வரவில்லை. ஏனென்றால் பஸ் விடுவது போக்குவரத்துக் கழகம், ஒன்றியம் இல்லை. தன்னிடம் இல்லாததைத் தலைவர் தாராளமாக எழுதிக் கொடுத்திருந்தார்!

2024இல் டெல்லியைக் கவனித்தபோது இந்த லெட்டர் பேடுதான் ஞாபகம் வந்தது. 16 எம்.பி.க்களுடன் ஆந்திரத்தின் சந்திரபாபு நாயுடு, 12 எம்.பி.க்களுடன் பீகாரின் நிதிஷ் குமார். இரு மாநிலங்களின் நெடுநாள் கோரிக்கை சிறப்பு அந்தஸ்து. பீகாருக்கு அது கிடையாது என்று ஜூலை 22 அன்று மக்களவையில் எழுத்துபூர்வமாகவே பதில் வந்துவிட்டது. மறுநாள் பட்ஜெட்டில் பீகார் சாலைத் திட்டங்களுக்கு 26,000 கோடி ரூபாய், அமராவதித் தலைநகருக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு. சிறப்பு அந்தஸ்து பஸ், 15,000 கோடி தொட்டி. கொடுக்கக்கூடியவன் கையில் இருப்பதைக் கேட்டால் கிடைக்கிறது. இந்தப் பேரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பட்ஜெட் புத்தகத்தில் யாரும் படித்துப் பார்க்கலாம்.

ஜே.எம்., குமாரபாளையம்: ‘வெளியிலிருந்து ஆதரவு’ என்கிறார்களே, உள்ளே வந்தால்தான் என்ன?

உள்ளே வந்தால் கெட்ட பெயரிலும் பங்கு உண்டு. வெளியே நின்றால் வேண்டாத நாளில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். காங்கிரஸின் வெளி ஆதரவில் நால்வர் பிரதமரானார்கள். சரண் சிங் 1979 ஜூலையில் பதவியேற்று, மக்களவையைச் சந்திக்கும் முன்பே ஆகஸ்டில் விலகினார். (அந்தக் குறுகிய அமைச்சரவையில்தான் அ.தி.மு.க.வின் சத்தியவாணிமுத்துவும் பாலா பழனூரும் இடம் பெற்றார்கள். திராவிடக் கட்சிக்காரர்கள் மத்திய அமைச்சரானது அதுவே முதல்முறை.) சந்திரசேகர் ஆட்சி, ராஜீவ் காந்தி வீட்டை ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற புகாரில் போனது. தேவகவுடாவுக்குக் காரணமே சரியாகச் சொல்லாமல் காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவு விலக்கல் கடிதம் அனுப்பினார். குஜ்ராலிடம், ராஜீவ் காந்தி கொலை பற்றிய ஜெயின் கமிஷன் அறிக்கையைக் காட்டி தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்னார்கள்; அவர் மறுத்தார், போனார். நால்வரில் ஒருவரும் ஆதரவோடு ஒரு வருடத்தை முழுசாகக் கழிக்கவில்லை.

ஆனால் 2004இல் இடதுசாரிகள் சுமார் 60 பேர் வெளியே நின்று மன்மோகன் சிங்கைத் தாங்கினார்கள். நான்கு வருடம் ஓடியது. வித்தியாசம் என்ன? குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் என்று அச்சிட்டுக் கையில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து முறைக்க ஓர் ஒருங்கிணைப்புக் குழுவும் இருந்தது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தம் அந்தப் புத்தகத்தில் இல்லை. அங்கேதான் முறிந்தது. 2008 ஜூலை 22 வாக்கெடுப்பில் அரசு 275–256 என்று தப்பியது. அன்று பா.ஜ.க. உறுப்பினர்கள் சபைக்குள் நோட்டுக் கட்டுகளைத் தூக்கிக் காட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டு மஞ்சள் பை நினைவுக்கு வந்தது.

ஆர்.பி., தாராபுரம்: அமைச்சர் பதவியைவிட சபாநாயகர் பதவிக்குக் கூட்டணிக் கட்சிகள் ஏன் ஆசைப்படுகின்றன?

கட்சி தாவினால் பதவி போகும் என்ற 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்பவர் சபாநாயகர். அவர் சட்டென்று முடிவெடுத்தால் ஒரு கதை, கோப்பை மேசையில் தூங்க வைத்தால் வேறு கதை. சின்னக் கூட்டாளிக்கு எப்போதும் உள்ள பயம், பெரிய கூட்டாளி தன் எம்.பி.க்களை ஒவ்வொருவராகக் கவர்ந்துவிடுவாரோ என்பதுதான்.

1998இல் 12 எம்.பி.க்கள் வைத்திருந்த சந்திரபாபு நாயுடு, தன் கட்சியின் ஜி.எம்.சி. பாலயோகியைச் சபாநாயகராக்கினார். 18 பேருடன் அமைச்சர் பதவிகளை வாங்கிய அ.தி.மு.க.வினரைவிட இந்த 12 பேர் கெட்டிக்காரர்கள் என்பது என் கணக்கு. அடுத்த வருடம் அந்த ஒரு ஓட்டு வாக்கெடுப்பு வந்தபோது, ஒடிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங் எம்.பி. பதவியை விடாமல் வந்து உட்கார்ந்தார். வாக்களிக்கலாமா என்ற கேள்வி பாலயோகியிடம்தான் வந்தது. அவர் அதைக் கமாங்கின் மனசாட்சிக்கே விட்டார். மனசாட்சி எதிர்த்து வாக்களித்தது. இப்படித் தன் கூட்டாளியின் ஆட்சியே கவிழக்கூடிய இடத்தில் விதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருவரை எந்தப் பெரிய கட்சி விரும்பும்? 2024இல் ஓம் பிர்லாவே மீண்டும் வந்தார், குரல் வாக்கெடுப்பில்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், உடுமலை: பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்குப் பின் 541 நாள் முழு அரசு இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தார்களாம். நம்மால் முடியுமா?

முடியாது ஐயா. அவர்கள் பேசி முடித்துவிட்டுப் பதவியேற்கிறார்கள், நாம் பதவியேற்றுவிட்டுப் பேச ஆரம்பிக்கிறோம். 2004 மே 22 அன்று தி.மு.க. அமைச்சர்கள் பதவியேற்றார்கள், பேசியபடி இலாகா கிடைக்கவில்லை என்று சில நாள் பொறுப்பேற்காமல் இருந்தார்கள். 2009இல் 18 எம்.பி.க்களை வைத்துக்கொண்டு, இலாகா ஒத்துவரவில்லை என்று பதவியேற்பு நாளன்று விலகி நின்றார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் சரியானது. எந்தத் துறை என்பதற்கு நடந்த இந்தச் சண்டையில் கால்வாசியாவது, அந்தத் துறையை வைத்து என்ன செய்வது என்பதற்கு நடந்திருக்கலாம்.

ஒரு தாய், பல்லடம்: கூட்டணி, பேரம் எல்லாம் இருக்கட்டும். இத்தனை வருடத்தில் கொங்கு நாட்டுக்கு இதனால் என்ன வந்தது?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும், ஒருவர்தான் கேட்டிருக்கிறார்.

முதல் கணக்கு சேலம் உருக்காலை. 1967 ஜூலையில் அதற்காகவும் சேது சமுத்திரத் திட்டத்துக்காகவும் தி.மு.க. ‘எழுச்சி நாள்’ நடத்தியது. டெல்லி அசையவில்லை. 1969 நவம்பரில் காங்கிரஸ் உடைந்தது, இந்திரா காந்தி பெரும்பான்மையை இழந்தார். தி.மு.க.வும் கம்யூனிஸ்டுகளும் தாங்கிப் பிடித்தார்கள். 1970இல் சேலத்துக்கு ஆலை அறிவிப்பு வந்தது, விசாகப்பட்டினத்துக்கும் விஜயநகரத்துக்கும் சேர்த்து. செப்டம்பரில் இந்திரா காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். ஆதரவுக்கு இதுதான் விலை என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், போதும். உற்பத்தி தொடங்கியது 1981இல் என்பதையும் அதே வரிசையில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சேலம் ரயில்வே கோட்டம். கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்தன. வருமானம் இங்கே, அலுவலகம் அங்கே என்று நம் வியாபாரிகள் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில் பா.ம.க.வின் ஆர். வேலு ரயில்வே இணை அமைச்சர். கேரளத்தில் ஆட்சியில் இருந்த இடதுசாரிகளோ டெல்லியில் அதே கூட்டணியைத் தாங்குபவர்கள். இரு பக்கமும் வேண்டியவர்கள் என்றால் டெல்லிக்கு எப்படி வேர்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேரளம் பலமாக எதிர்த்தது. கடைசியில் 2007 நவம்பர் 1 அன்று சேலம் கோட்டம் பிறந்தது. எனக்குத் தெரிந்து கூட்டணி அரசியலால் நம் பக்கம் கிடைத்த உருப்படியான பொருள் இதுதான்.

அமைச்சர்கள் கணக்கைக் கேட்டால், 2004இல் கோபியில் வென்ற ஈ.வெ.கி.ச. இளங்கோவன், திருச்செங்கோட்டில் வென்ற சுப்புலட்சுமி ஜெகதீசன், 2009இல் நாமக்கல்லில் வென்ற செ. காந்திசெல்வன். மூவருமே இணை அமைச்சர்கள். இணை அமைச்சருக்கு அறை உண்டு, கார் உண்டு, கோப்பு மட்டும் வராது என்பது டெல்லியில் பழைய புலம்பல். கோபி, திருச்செங்கோடு என்ற அந்த இரு மக்களவைத் தொகுதிகளே தொகுதி மறுசீரமைப்பில் மறைந்துவிட்டன!

பவானி ஆற்றின் உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைப் பாருங்கள். நம் பெரியவர்கள் அறுபது வருடத்துக்கு மேலாகக் கேட்டது. டெல்லியில் எத்தனை கூட்டணி வந்து போனது! கடைசியில் மாநில அரசின் பணத்தில் அடிக்கல் நாட்டியது ஒரு கட்சி, 2024 ஆகஸ்டில் திறந்து வைத்தது இன்னொரு கட்சி.

பி.கே., நாமக்கல்: எங்கள் எம்.பி. கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்காரர். ஓர் ஓட்டில் ஆட்சி கவிழும் நாளில் அவர் தனியாகப் பேரம் பேசலாமே?

பேச முடியாது. 2019இலும் 2024இலும் நாமக்கல்லில் அந்தக் கட்சி வேட்பாளர் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். சின்னம் யாருடையதோ, சபையில் ஆள் அவர்களுடையவர். கொறடா உத்தரவும் அங்கிருந்தே வரும். 2019இல் ஈரோட்டில் வென்ற ம.தி.மு.க.வின் அ. கணேசமூர்த்திக்கும் இதே நிலைதான். சொந்தச் சின்னத்தில் நின்றால் தோற்கலாம், இரவல் சின்னத்தில் நின்றால் ஜெயிக்கலாம். 2009இல் ஒரு கொங்குக் கட்சி கோவையில் தனித்து நின்று லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கியது. இடம் கிடைக்கவில்லை, ஆனால் 2011இல் தி.மு.க. அணியில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் ஒதுக்கினார்கள். ஏழிலும் தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

எல்.எஸ்., மூலனூர்: அடுத்த முறை எவருக்கும் பெரும்பான்மை இல்லாமல் முடிவு வந்தால் நம் எம்.பி.க்கள் என்ன கேட்க வேண்டும்?

ஈரோடு–பழனி ரயில் பாதை. காங்கேயம், தாராபுரம் வழியாக ஏறத்தாழ 91 கிலோமீட்டர். திட்டப் பட்டியலில் பெயர் இருக்கிறது, தரையில் தண்டவாளம் இல்லை. இது மத்திய அரசின் கையில் இருக்கும் விஷயம், அதனால் ‘எங்களால் ஆகாது’ என்று சொல்ல முடியாது. நிலம் எடுக்க மாநிலம் ஒத்துழைக்க வேண்டும். அந்த உறுதியையும் சென்னையிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆந்திரத்துக்கும் பீகாருக்கும் பதவியேற்ற ஒன்றரை மாதத்துக்குள் முதல் பட்ஜெட்டிலேயே தொகை வந்தது. நாமும் அதே அளவுகோலைப் பிடிக்கலாம்: முதல் பட்ஜெட்டில் தொகை, எந்த ஆண்டுக்குள் எந்த ஊர்வரை என்ற அட்டவணை, இரண்டும் பத்திரிகையில் வெளியான பிறகு ஆதரவுக் கடிதம். உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது மூலனூரிலிருந்து நான்கு பேர் இதைக் கேட்டு ஒரு மனு கொடுங்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.